அன்றாட ஓசையும் ஆக்க இசையும்

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்ணையே நம்புகின்றனர். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி, உடைந்த மட்பாண்டம் என நாம் போற்றும் சான்றுகள் யாவும் கண்ணாற் காணத்தக்கனவே. காதாற் கேட்கத்தக்க சான்றினை முன்னையோர் நமக்கு விட்டுச்செல்ல வழியிருக்கவில்லை. பிறந்த கணத்திலேயே மறைந்துபோவது ஓசையின் இயல்பு. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் கரையில் ஓர் ஆங்கிலக் கப்பலின் தலைவனும் அவன் மகனும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர் என்பதை நாம் ஏட்டில் வாசிக்கின்றோம். அன்று அக் கரையில் எழுந்த ஓசையை எந்த ஏட்டிலும் கேட்க இயலாது.

ஆயினும், ஓசையும் ஒரு சான்று என்பதைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகின்றது. நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறையும் நாவாய்ப் பம்பையும் உரியன என்று பின்வந்தோர் வகுத்தனர். மீன்பிடித் தொழிலும் அத் தொழிலோடு கூடி எழும் ஓசையும் ஒரே மண்ணின் விளைவுகள் என்பது இதன் உட்பொருள். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் ஒருபடி மேலே செல்கின்றார். வைகறையில் வேதமோதும் ஒலி, பாணரின் யாழொலி, மாடங்களிற் கதவு திறக்கும் ஒலி, புள்ளினங்களின் குரல் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரு மாநகரம் கண்விழிப்பதைக் காதினால் அறியச் செய்கின்றார்.

புலவர் சொல்லினாற் செய்த இதனை ஓசையினாலேயே செய்யும் கலையொன்று 20ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. தெருவிலும் ஆலையிலும் கடற்கரையிலும் இயல்பாக எழும் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றை மின்கருவிகளின் துணையால் வெட்டியும் ஒட்டியும் விரைவை மாற்றியும் அடுக்கியும் ஓர் இசையாக்கமாக அமைப்பதே அக் கலை. அதன் வரலாற்றைச் சுருங்க நோக்கி, புல்மோட்டை போன்றதொரு கரையூருக்கு அதனால் யாது பயன் என்பதை ஆராய்தல் இக் கட்டுரையின் நோக்கமாகும்.

கரையின் இரு ஓசைகள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், கொக்கிளாய்க் களப்பை அடையுமுன் புல்மோட்டை வரும். இவ்வூர்க் கரையின் மணல் கருமை படிந்தது. ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் அம் மணலிலே நூற்றுக்கு 70 பங்களவு இல்மனைற் என்னும் கனியம் உண்டு. உருத்தைலும் சிர்க்கனும் சிறுபங்காகக் கலந்துள்ளன. இச் செல்வத்தை எடுத்துப் பயன்கொள்ளும்பொருட்டு 1957ஆம் ஆண்டில் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. நீரிற் கழுவியும், காந்தத்தால் ஈர்த்தும், மின்னேற்றத்தாற் பிரித்தும் மணலிலிருந்து கனியங்களை வேறாக்கும் தொழில் அன்றுதொட்டு இவ்வூரின் அடையாளமாயிற்று. அதற்கு முன்னரும் பின்னரும் இக் கரையின் பழந்தொழில் மீன்பிடியே.

எனவே இக் கரைக்கு இரண்டு ஓசைகள் உரியனவாயின. ஒன்று, கரைவலை இழுப்போர் பாடும் அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடி, அவ் ஏற்றத்தோடு கயிற்றை இழுப்பர். பாட்டு அங்கே பொழுதுபோக்கன்று. பல கைகளின் வலுவை ஒரே கணத்தில் ஒன்றுசேர்க்கும் கருவியாகும். மற்றையது இயந்திரத்தின் ஓயாத முரல்வு. நெய்தற் பாடலை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள் மாணவனொருவன் எழுந்து, “சேர், அம்பா இந்த நிலத்தின் கருப்பொருள் என்றால், இயந்திரச் சத்தமும் கருப்பொருள்தானே?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்கோ உடனே விடையிறுக்க இயலவில்லை. அவ் வினாவே இக் கட்டுரைக்கு வித்தாயிற்று.

இலங்கையின் கீதம்

தொமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்கியபோது, மறையும் இயல்புடைய ஓசை முதன்முறையாக மீளக் கேட்கத்தக்கதாயிற்று. எனினும் நெடுங்காலம் அக் கருவி பாடகரின் பாட்டையும் தலைவரின் பேச்சையும் காத்துவைக்கவே பயன்பட்டது. பதிந்த ஓசையையே மூலப்பொருளாகக் கொண்டு புதியதோர் ஆக்கம் செய்யலாம் என்ற எண்ணம் பேசும் படத்தோடு வளர்ந்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒலி பதிவானமையால், படத்தை வெட்டி ஒட்டுவதுபோல் ஒலியையும் வெட்டி ஒட்ட இயன்றது. 1930இல் ஜெர்மானியரான வால்டர் ருட்மன், காட்சி ஒன்றுமின்றி ஒலிமட்டும் பதிந்த படச்சுருளினால், பேர்லின் மக்களின் வாரவிடுமுறையை ஏறத்தாழ 11 நிமிட ஆக்கமாகச் செய்து வானொலியில் ஒலிபரப்பச் செய்தார்.

அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், நம் நாட்டைப் பொருளாகக்கொண்டே இத்துறையிற் பேசப்படும் ஆக்கமொன்று எழுந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு பசில் றைற் என்னும் ஆங்கிலேயர் 1934இல் எடுத்த ‘இலங்கையின் கீதம்’ என்ற படமே அது. அதன் ஒலியமைப்பைச் செய்தவர் வால்டர் லீ என்னும் இசையாளர். இப் படத்தின் ஒலிகள் இலங்கையிற் பதிவானவையல்ல. இலண்டனிலுள்ள கூடமொன்றில் அமைக்கப்பட்டவை. கொழும்பிலிருந்து புகைப்படக் கலைஞரும் பியானோ வல்லுநருமான லயனல் வென்ற் அழைக்கப்பட்டு விளக்கவுரையை வாசித்தார். அவ்வுரையோ புதிதாக எழுதப்பட்டதன்று. கொட்டியாரக் கரையிற் பிடிபட்ட அக் கப்பற்றலைவனின் மகன் றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபதாண்டுச் சிறையிருப்பின் பின் தப்பிச்சென்று 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பெரும்பகுதி எடுக்கப்பெற்றது. ஆகவே, திருகோணமலைக் கரையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இரண்டரை நூற்றாண்டு கடந்து இலண்டன் ஒலிக்கூடமொன்றிற் குரல் பெற்றது எனலாம்.

நான்கு பகுதிகளையுடைய அப் படத்தின் மூன்றாம் பகுதி ‘வணிகத்தின் குரல்கள்’ எனப்படும். திரையிலே தென்னையில் ஏறுவோர், சுமை தூக்குவோர், கொழுந்து கொய்யும் பெண்கள் ஆகியோர் தோன்றுகின்றனர். காதிலே கேட்பனவோ சந்தை விலை கூறும் குரல், கப்பற் புறப்பாட்டு அறிவித்தல், வணிகக் கடிதத்தின் வாசகம், தந்தியின் தட்டொலி என்பன. உழைப்போர் கண்ணுக்குத் தோன்ற, விலை பேசுவோர் காதுக்குத் தோன்றுகின்றனர். கொழுந்து கொய்யும் அப் பெண்களின் குரலை நாம் கேட்பதில்லை. குடியேற்ற ஆட்சிக்காலப் பொருளாதாரத்தை விளக்கப் பல பக்கங்கள் எழுதவேண்டியிருக்க, ஓசையை அடுக்கிய முறையொன்றினாலேயே இப் படம் அதனை உணர்த்திவிடுகின்றது. அத்துடன் வேறொரு வினாவையும் அது எழுப்புகின்றது: ஒரு நாட்டின் ஓசையை ஆக்கும் உரிமை எவரிடத்து இருக்கின்றது என்பதே அவ் வினா.

இருப்புப்பாதையும் இசையும்

படத்தின் துணையின்றி ஓசை தன்னந்தனியே இசையாக நிற்கும் முயற்சியைத் தொடங்கியோருள் எகிப்தியரான ஹலிம் எல்டாப் முற்பட்டவர். வேளாண்மைப் பொறியியல் பயின்ற இவர், 1944இல் வானொலி நிலையமொன்றிற் கம்பி ஒலிப்பதிவுக் கருவியை இரவல் பெற்று, கெய்ரோவிற் பெண்கள் நடத்தும் ‘சார்’ என்னும் பிணிதீர் சடங்கின் பாட்டொலியைப் பதிவுசெய்தார். பின்னர் அப் பதிவின் சில கூறுகளை நீக்கியும், எதிரொலி கூட்டியும், பாடியோர் சொல்லும் குரலும் கரைந்து ஒலியலையே எஞ்சுமாறு செய்தார். இக் கலையின் தோற்றத்தை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதாகக் கூறும் வழக்கத்தை இச் செய்தி திருத்துகின்றது.

இக் கலைக்கு ஒரு பெயரும் கொள்கையும் தந்தவர் பிரெஞ்சு வானொலியின் பொறியியலாளர் பியர் ஷெஃபேர். 1948ஆம் ஆண்டில் பரிசிலுள்ள பத்திஞோல் நிலையத்துக்குச் சென்று புகைவண்டிகளின் ஓசையை இசைத்தட்டுகளிற் பதிவுசெய்தார். ஊதொலியும் நீராவியின் சீற்றமும் சில்லுகளின் தாளமும் சேர்ந்து சில நிமிடங்கள் நீளும் ‘இருப்புப்பாதைப் பயிற்சி’ உருவாயிற்று. அதனோடு வேறு நான்கு பயிற்சிகளையும் சேர்த்து அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் ‘ஓசைக் கச்சேரி’ என்ற பெயரில் வானொலியில் ஒலிபரப்பினார்.

ஷெஃபேரின் கண்டுபிடிப்புகள் இரண்டு எளியவை; ஆயின் ஆழமுடையவை. இசைத்தட்டின் பள்ளம் சுருண்டு உட்செல்லாது தன்னையே வந்து சேருமாறு மூடப்பட்டால், ஓசைத் துண்டொன்று ஓயாது மீண்டும் மீண்டும் ஒலிக்கும். எந்த ஓசையும் பலமுறை திரும்பவந்தால் அது தான் பிறந்த இடத்தை மறக்கச்செய்து, தன் வடிவத்தைக் கேட்கச்செய்யும். மற்றையது, மணியோசையின் தொடக்க அடியை வெட்டி நீக்கிவிட்டால், எஞ்சிய நீட்டம் மணிபோலன்றிக் குழல்போல் ஒலிக்கும் என்பது. நாம் ஒரு கருவியை இன்னதென்று அறிவது பெரும்பாலும் அதன் முதற்கணத்தினாலேயே என்பது இதனால் விளங்கிற்று.

ஒலிநாடா வந்தபின் இம் முயற்சி எளிதாயிற்று. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் ஒரு விநாடி ஓசை 15 அங்குல நீளமுடைய பொருளாகக் கையில் அகப்படும். அதனைச் சவர அலகினால் வெட்டலாம், தலைகீழாக ஒட்டலாம், இருமடங்கு விரைவில் ஓட்டினால் சுருதி ஒரு தானம் உயரும். காலம் அளவுகோலால் அளக்கத்தக்க பொருளாயிற்று. 1951இல் ஜெர்மனியின் கொலோன் வானொலியிலே மின்னலைகளால் மட்டும் ஒலியை ஆக்கும் வேறொரு பள்ளி தோன்றிற்று. ஸ்ரொக்ஹவுசன் 1956இல் ஒரு சிறுவனின் குரற்பதிவையும் மின்னொலியையும் ஒரே ஆக்கத்தில் இணைத்தபின் இரு பள்ளிகளுக்குமிடையே நின்ற சுவர் தளர்ந்தது.

இசையா, இரைச்சலா?

இங்கே அறிஞர் ஒருவர் தடைவிடை எழுப்புதல் இயல்பு. ‘சுருதியும் இராகமும் தாளமும் இல்லாதவிடத்து இசை ஏது? புகைவண்டி ஓசை இரைச்சலேயன்றி வேறன்று’ என்பர். இத் தடை புறக்கணிக்கத்தக்கதன்று. பண்பட்ட மரபொன்றிற் பயின்ற செவி, ஒழுங்கினை நாடுவது முறையே. ஆயினும் ஒழுங்கு ஓசையிடத்தே மட்டும் உள்ளதன்று; அதனைத் தெரிந்து வரிசைப்படுத்தும் கருத்தினிடத்தும் உள்ளது. மண் பானையன்று, மண்ணின்றிப் பானையுமில்லை.

இவ் வினாவுக்கு விடைதேடிய மேனாட்டார் ஒருவருக்கு இந்திய ஆசிரியை ஒருவர் வழிகாட்டியமை நாம் அறியவேண்டியது. அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946இல் நியூயோர்க் சென்று, அமெரிக்க இசையாளர் ஜோன் கேஜிடம் மேலையிசை கற்று, அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். மனத்தைத் தெளிவித்து அமைதியுறச் செய்வதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் கூறியதை அவருக்கு எடுத்துரைத்தார். அக் கருத்து கேஜின் சிந்தனையை மாற்றியது. 1952இல் அவர் அமைத்த ஆக்கமொன்றில் டேவிட் ரியூடர் என்னும் பியானோக் கலைஞர் 4 நிமிடம் 33 விநாடி ஒரு சுரமும் வாசியாது அமர்ந்திருந்தார். காற்றும் மழையும் அவையோரின் முணுமுணுப்புமே அவையோர் கேட்டவை. அதே ரியூடர் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மின்னிசைக் கூடமொன்றை அமைக்க உதவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே ஆக்கங்கள் செய்தனர். அவர்தம் நாடாக்கள் ஏறத்தாழ 45 ஆண்டுகள் நிறுவனத்தின் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்டு 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. காத்துவைத்தமையாலேயே அவை கண்டெடுக்கப்பட்டன என்பதை மறத்தலாகாது.

கடற்கரையின் வைகறை

இதுகாறும் கூறியவற்றுள் ஓசை வெட்டப்பட்டுத் தன் பிறப்பிடத்தை இழந்தது. அதனைப் பிறந்த நிலத்தோடு சேர்த்தே கேட்கவேண்டும் என்ற கருத்து, மீனவர் ஊரொன்றிலிருந்து எழுந்தது. லூக் பெராரி என்னும் பிரெஞ்சு இசையாளர், இன்றைய குரோஷியாவைச் சேர்ந்த கோர்ச்சுலாத் தீவின் வேலா லூக்கா என்ற ஊரிலே தங்கியிருந்தார். இரவின் அமைதியில் விழித்தெழுந்து, சாளரத்தில் ஒலிவாங்கியை வைத்து, விடியுமுன் எழும் ஓசைகளை நாள்தோறும் பதிவுசெய்தார். முதற் படகின் எந்திரம், கோழி, கழுதை, வண்டி, ஊராரின் பேச்சு எனத் தினமும் மீண்டுவரும் ஓசைகளை அடையாளங்கண்டு, பல வைகறைகளை ஒரே வைகறையாக்கி 1970இல் நிறைவுசெய்தார். ‘ஏறக்குறைய ஒன்றுமில்லை’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 21 நிமிடம் நீளும் அதனைக் கேட்போருக்கு, ஆக்கியோன் ஒன்றுமே செய்யவில்லை என்று தோன்றும். மதுரைக்காஞ்சியின் வைகறையை அறிந்த நமக்கோ இம் முறை புதிதன்று. இரண்டிலும் ஒரு குடியிருப்பு தன் தொழிலைத் தொடங்கும் ஓசையே பாட்டாகின்றது.

இக் காலத்தே கனடாவில் மரே ஷேபர் என்பார் (முற்கூறிய பிரெஞ்சுப் பொறியியலாளரின் வேறானவர்) மாணவரைக் கூட்டி, ஊர்களின் ஓசையை ஆராயும் திட்டமொன்றை நடத்தினார். 1973இல் வன்கூவர் நகரின் ஓசைகள் இசைத்தட்டாயின. 1975இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்தில் ஒவ்வொரு சிற்றூர் தெரிந்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. அத் திட்டத்திற் பங்குகொண்ட ஹில்டகார்ட் வெஸ்ற்ரர்காம்ப் என்னும் அம்மையார் 1992 முதல் இந்தியாவுக்கு வந்து, டெல்லித் தெருவில் விற்போரின் குரலையும் வண்டிகளின் ஊதொலியையும் கொண்டு 1997இல் ஓர் ஆக்கம் செய்தார். அந்நிய ஊரின் ஓசையைத் தாம் எடுத்தாளுதல் தகுமோ என்ற தயக்கத்தை அவர் மறைக்கவில்லை. ‘இலங்கையின் கீதம்’ எழுப்பிய வினா இங்கே ஆக்கியோரின் மனச்சான்றாகவே மாறிநின்றது.

நம் கிழக்கு மாகாணத்திலும் இத்தகைய செவியுடையோர் இருந்தனர். மட்டக்களப்பு வாவியில் இரவில் நீரடியிலிருந்து எழும் இன்னொலியை எமர்சன் தெனன்ற் 1848இற் கேட்டுத் தம் நூலில் விரித்தெழுதினார். படகின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிக்குக் கேட்டதாகவும் குறித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் ஒருவர் ஒலிவாங்கியை நீருள் இறக்கி அதனைப் பதிவுசெய்ய, ‘பாடும் மீன்’ வானொலியிலும் பாடிற்று. ஓர் ஊரின் ஓசை அவ்வூரின் பெயரோடு ஒட்டிநிற்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நம் கடமை

மீண்டும் புல்மோட்டைக்கு வருவோம். கடந்த ஐம்பதாண்டுகளில் இக் கரை கேட்டவை பல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வன்னியிலிருந்து கப்பலில் ஏற்றப்பெற்ற நோயாளரும் காயமுற்றோரும் இங்கே இறக்கப்பெற்று, இந்திய மருத்துவக் குழுவினரின் தற்காலிக வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றனர். இவற்றின் நாள்களையும் தொகைகளையும் ஏடுகளிற் காணலாம். அந் நாள்களின் ஓசையோ கேட்டோரின் நெஞ்சில் மட்டும் உண்டு. அவர் மறைய அதுவும் மறையும்.

பேரிடர்களை விடுவோம், அன்றாட ஓசையும் அவ்வாறே மறைகின்றது. பல கரைகளில் இன்று உழவு இயந்திரத்திற் பூட்டிய உருளையே கரைவலையை இழுக்கின்றது. பல கைகளை ஒன்றுசேர்க்க வேண்டாதவிடத்து அம்பாவுக்கு வேலையில்லை. மாணவர் சிலருடன் முதிய மீனவர் ஒருவரிடஞ் சென்று அம்பா பாடிக்காட்டுமாறு கேட்டேன். அவர் இரண்டடி பாடி நின்றுவிட்டார். “கயிறு கையில இல்லாம அம்பா வராது, மாஸ்டர்” என்றார். கயிறொன்றைத் தென்னையிற் கட்டி, மாணவரைப் பின்னே பிடித்து இழுக்கச் செய்தோம். அவர் முன்னே நின்றார். காலை மணலில் ஊன்றியதுதான் தாமதம், பாட்டு வந்தது.

ஒரு மாணவியின் கையடக்கத் தொலைபேசியிற் பதிவான அப் பாட்டை அன்றிரவு கேட்டேன். முதியவரின் குரலோடு அவர் மூச்சும், மாணவரின் சிரிப்பும், கடற்காற்றும், அவை எல்லாவற்றின் பின்னும் இயந்திரத்தின் முரல்வும் கேட்டன. இசைக்கூடத்தார் நீக்க விரும்பும் இவ் ஓசைகளே அப் பாட்டு எங்கே, எக்காலத்தில், எவரிடையே பாடப்பட்டது என்பதற்குச் சான்றாவன. என் மாணவனின் வினாவுக்கும் அங்கே விடை கிடைத்தது. ஆம், இயந்திரத்தின் ஓசையும் கருப்பொருளே. ஒரு தலைமுறை அதன்கீழ் உழைத்து உண்டது. அதுவும் ஒருநாள் ஓயும்.

ஷெஃபேருக்கு வானொலி நிலையம் வேண்டியிருந்தது; எல்டாப் கருவியை இரவல் பெற்றார். இன்றைய மாணவர் கையிலே அவர்களுக்குக் கிட்டாத கருவி இருக்கின்றது. வெட்டி ஒட்டும் வேலையையும் கணினியிற் செய்யலாம். வேண்டுவது செவியும் முறைமையுமே. பதிவுசெய்த நாள், இடம், பாடியவர் அல்லது தொழில் செய்தவர் பெயர், அவர்தம் சம்மதம் என்பன எழுதிவைக்கப்படல் வேண்டும். ஒரு பிரதி பாடசாலையிலும் மற்றொன்று வேறிடத்திலும் இருத்தல் வேண்டும். அதன்பின் அவ் ஓசைகளால் இசையாக்கம் செய்ய விழைவோர் செய்க; ஆக்கியதை முதலில் அக் கரையாருக்கே கேட்பிக்க.

நம் ஓசையைப் பிறர் தம் கூடங்களில் ஆக்கித்தந்த காலம் ஒன்றிருந்தது. அதனை நாமே கேட்டு, நாமே காத்து, நாமே ஆக்கும் காலம் வந்துளது. அம்பா அறிந்தோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவரை நாடிச் செல்லும் மாணவர் கயிறொன்றையும் உடன் கொண்டுசெல்வாராக.